முப்பது நாள் கணக்கு

அன்புள்ள தர்ஷினி,

நீ அனுப்பிய பற்றுச்சீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் உன் பெயர் இல்லை. லண்டன் அப்டன் பார்க் கிரீன் ஸ்ட்ரீட்டில் நீ நடத்தும் தையற்கடையின் பெயர்தான் இருக்கிறது. ஓவர்லொக் மெஷின் தையலை விட்டுவிட்டுப் போடுகிறது என்று சொல்லப் போனபோது, “30 நாள் தாண்டிவிட்டது, இனிப் பணம் திருப்பித் தரமுடியாது” என்றார்களாம். ஐந்து நாள் பிந்திவிட்டேனே என்று நீயும் நொந்துபோயிருக்கிறாய். அந்தக் கவலையை விடு. அவர்கள் சொன்ன சட்டம் உனக்கு உரியதே அல்ல.

30 நாள் என்பது 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் வருவது. வீட்டுத் தேவைக்கு வாங்கிய பொருள் பழுதென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கலாம். அதற்குப் பிறகும் திருத்தித் தா, மாற்றித் தா என்று கேட்கலாம். ஆனால் தொழிலுக்கென்று வாங்குகிறவரை அந்தச் சட்டம் நுகர்வோராக எடுப்பதில்லை. உன் அம்மா வீட்டில் பிள்ளைகளின் உடுப்புத் தைத்துக்கொண்டு, எப்போதாவது அயலவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தால் அவர் நுகர்வோர்தான். அல்ல என்று வாதிடுகிற கடைக்காரரே அதை நிரூபிக்கவேண்டும். உன் கதை வேறு. கடை வைத்து, கடைப் பெயரில் சீட்டு வாங்கியிருக்கிறாய்.

உனக்கு உதவுவது 1979ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம். தொழிலாக விற்கிறவரின் பொருள் திருப்தியான தரத்தில் இருக்கவேண்டும் என்று அதன் 14ஆம் பிரிவு சொல்கிறது. இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கியிருந்தால் அந்த வேலைக்கும் அது உதவவேண்டும். ஜோர்ஜெற் துணியை நாள் முழுக்க ஓட்டலாமா என்று நீ கேட்டதும், ஓட்டலாம் என்று அவர்கள் பதில் போட்டதும் வட்ஸ்அப்பில் இருக்கிறதல்லவா? அதை அழித்துவிடாதே. உத்தரவாத அட்டையில் ‘வீட்டுப் பாவனைக்கு மட்டும்’ என்று இருந்தாலும், அது மெஷினைச் செய்த கம்பனியின் வாக்குறுதிக்குத்தான் எல்லை. உனக்குப் பொறுப்புச் சொல்லவேண்டியவர் விற்றவர்.

இந்தச் சட்டத்தில் நாள் எண்ணிக்கை கிடையாது. நியாயமான காலத்துக்குள் நிராகரிக்கவேண்டும், அவ்வளவுதான். எது நியாயம் என்பது பொருளையும் பழுதையும் பொறுத்தது. 35 நாள் ஆனதாலேயே உன் உரிமை போய்விடாது. பழுது தெரிந்தும் மாதக்கணக்கில் பேசாமல் தைத்துக்கொண்டிருந்தால் போய்விடும். இன்னொன்று, இதைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும். திருத்தித் தா, மாற்றித் தா என்று கேட்கும் உரிமையை இந்தச் சட்டம் தொழில் செய்கிறவருக்குத் தரவில்லை. நிராகரித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அல்லது மெஷினை வைத்துக்கொண்டு நட்டஈடு கேட்கலாம். புது மெஷின் தருவது கடைக்காரரின் மனதைப் பொறுத்தது. நிராகரிப்பதே நியாயமில்லை என்னும் அளவுக்குக் குறை அற்பமென்றால் நட்டஈடு மட்டும்தான். ஓவர்லொக் மெஷின் தையலை விடுவது அற்பக் குறை என்று தையல் தெரிந்த எவரும் சொல்லமாட்டார்.

திருத்தக் கொடுத்தால் ஏற்றுக்கொண்டதாகிவிடுமோ என்று கேட்டிருந்தாய். ஆகாது. 2007இல் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு ஸ்கொட்லாந்து வழக்கு இருக்கிறது: ரிச்சி எதிர் லொயிட். ஒரு விவசாயக் கம்பனி, விதைக்கும் கருவியும் மண் கிளறும் கருவியும் சேர்ந்த இயந்திரம் ஒன்றை வாங்கியது. ஓட்டினால் கடுமையாக அதிர்ந்தது. விற்றவர் எடுத்துப்போய்த் திருத்திவைத்தார், ஆனால் என்ன பழுது என்று சொல்ல மறுத்துவிட்டார். உள்ளே இரண்டு பெயரிங் இல்லாமலே வந்திருந்ததை வாங்கியவர்கள் வெளியே விசாரித்துத்தான் அறிந்தார்கள். பெயரிங் இல்லாமல் ஓடியதில் வேறு என்ன கெட்டதோ என்று பயந்து, எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். இயந்திரம் உண்மையில் நன்றாகத்தான் திருத்தப்பட்டிருந்தது. ஆனாலும் அவர்கள் பக்கமே தீர்ப்பானது. முடிவெடுக்கத் தேவையான விபரத்தை மறைத்துவிட்டு, ஏற்றுக்கொள் என்று வற்புறுத்த முடியாது. ஆகவே திருத்தக் கொடுப்பதென்றால், என்ன பழுது, என்ன மாற்றினார்கள் என்று எழுத்தில் கேள்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற சுவர் அறிவித்தலைப் பார்த்துப் பயப்படாதே. தொழில்காரருக்கு விற்கும்போது இப்படிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இடமுண்டு, ஆனால் 1977ஆம் ஆண்டு நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டப்படி அந்த நிபந்தனை நியாயமானதாக இருக்கவேண்டும். நியாயம் என்று காட்டவேண்டியதும் கடைக்காரர்தான்.

கடையை மூடுகிற ஒருவரிடம் பழைய மெஷின் வாங்க யோசிப்பதாகவும் எழுதியிருந்தாய். அவர் மெஷின் வியாபாரி இல்லையே என்று விட்டுவிடாதே. ஸ்டீவன்சன் எதிர் ரோஜர்ஸ் என்ற வழக்கில், மீனவர் ஒருவர் தன் மீன்பிடிப் படகை விற்றதையே தொழில்வழி விற்பனை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. தன் வீட்டு மெஷினை விற்கும் தனியாளிடம் 14ஆம் பிரிவின் பாதுகாப்பு இல்லை.

இன்றைக்கே கடைக்கு எழுது. மெஷின் என்ன செய்கிறது, எந்த நாளில் முதலில் கண்டாய், நிராகரிக்கிறாய், பணம் திரும்ப வேண்டும்: இவ்வளவும் தெளிவாக இருக்கட்டும். கெஞ்சலும் வேண்டாம், திட்டும் வேண்டாம். வேறு உடன்பாடு எழுதியிராவிட்டால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகவேண்டிய கடமை உனக்கில்லை, அறிவித்தால் போதும். கல்யாண ரவிக்கைகளை வெளியே கொடுத்துத் தைப்பித்த செலவுச் சீட்டுகளைச் சேர்த்துவை. பதில் வராவிட்டால் 10,000 பவுண்ஸ் வரையான வழக்கைச் சிறு கோரிக்கை முறையில் இணையத்திலேயே போடலாம், அதற்கு ஆறு வருடம் இருக்கிறது. கடிதம் போன பிறகு அந்த மெஷினில் ஒரு தையலும் போடாதே. நிராகரித்த பொருளை ஓட்டினால், ஏற்றுக்கொண்டுவிட்டாய் என்று அவர்கள் சொல்ல நீயே வழிவிட்டதாகும். அவசர வேலைக்கு ஒன்றை வாடகைக்கு எடு.

அன்புடன்,
மாமா