அமீனா வருமுன்

பிராநோட்டுக் கடனுக்கு டிக்ரியாகி, கும்பப்பூ அறுவடைக்கு முன்பே கோர்ட் அமீனா வாசலில் நிற்கிறாரா? ஒளிய வேண்டாம். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவின்படி, உழவரின் பிழைப்புக்குத் தேவையென நீதிமன்றம் கருதும் உழவுக் கருவிகள், மாடுகள், விதைநெல் ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது. உழவர் தாம் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கும் இக்காப்பு உண்டு. அதை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தந்திருந்தாலும் செல்லாது. ஆனால் வீட்டையே அடமானம் எழுதியிருந்தால் அந்தக் கடனுக்கு இது உதவாது. கையெழுத்துக்கு முன் யோசியுங்கள்.

இவையெல்லாம் கடனைக் கழிக்காது. கடன் கொடுத்தவர் சம்மதித்தால், டிக்ரித் தொகையைத் தவணையாகக் கட்ட நீதிமன்றம் உத்தரவிடலாம். கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடையை ஒட்டியே தவணை கேளுங்கள். வழக்குக்கு முன்பே பேசி முடிக்க, நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் மனுக் கொடுக்கலாம். மக்கள் நீதிமன்ற முடிவுக்கு அப்பீல் கிடையாது. கட்ட முடிந்த தொகைக்கு மட்டும் தலையாட்டுங்கள்.