மதிப்பெண் எங்கே குறைந்தது?

காலாண்டு, அரையாண்டு விடைத்தாள் வந்ததும் "மிஸ் ரொம்ப ஸ்ட்ரிக்டா திருத்துறாங்க" என்று நம் பட்டாபிராம் பிள்ளைகள் சொல்வதுண்டு. உடனே பிள்ளையை ஏசவோ ஆசிரியரைக் குறை கூறவோ வேண்டாம். ஏச்சுக்குப் பயந்தால் அடுத்த விடைத்தாள் பைக்குள்ளேயே இருந்துவிடும்.

மஃரிபுக்குப் பின் பிள்ளையோடு உட்காருவோம். மதிப்பெண் எங்கே குறைந்தது என்று பார்ப்போம். ஓம் விதியில் 'மாறா வெப்பநிலையில்' என்ற சொல் விடுபட்டிருக்கலாம். கணக்கில் விடை சரியாக இருந்தும் அலகு எழுதாமல் விட்டிருக்கலாம். 'வேறுபடுத்துக' என்ற வினாவுக்கு எதிரெதிரே எழுதாமல் ஒரே பத்தியாக எழுதியிருக்கலாம். விடுபட்டதைச் சேர்த்து, அதே விடையை அன்றே மறுபடி எழுதட்டும்.

பொதுத்தேர்விலும் விடைக்குறிப்பை வைத்தே திருத்துகிறார்கள். கணக்கில் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு. விடை வராவிட்டாலும் தெரிந்த படிகளை எழுதப் பழக்குவோம். வினாத்தாளைப் படிக்கத் தரும் 10 நிமிடத்தில், நன்றாகத் தெரிந்த வினாக்களைத் தேர்ந்துகொள்ளட்டும்.

கூட்டல் தவறோ திருத்தாத விடையோ இருந்தால், பிள்ளையே ஆசிரியரிடம் பணிவாகக் காட்டலாம். பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு விடைத்தாள் நகல் பெற்று மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டிய பிறகு முடிவெடுப்பது நல்லது.

"நாங்கள் படிக்கவில்லையே" என்று தயங்க வேண்டாம். "இங்கே ஏன் குறைஞ்சது? சொல்லும்மா" என்று கேளுங்கள். அதைச் சொல்வதற்காகவே பிள்ளை தன் விடையை மறுபடி படிக்கும். இன்ஷா அல்லாஹ், அடுத்த தேர்வில் அந்தத் தவறு குறையும்.