மைதானத்தில் ரோபோ ஏன் நின்றுவிடுகிறது?

வீட்டுக் கூடத்தில் சொன்னபடியெல்லாம் ஓடிய ரோபோ, போட்டி மைதானத்தில் அசையாமல் நிற்பதுண்டு. மாதக்கணக்கில் உழைத்த பிள்ளைகளின் முகம் வாடிவிடும். "நெட்வொர்க் சரியில்லை" என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டுவதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கோளாறுக்குக் காரணங்கள் உண்டு. அவற்றுள் பலவற்றை முன்கூட்டியே தவிர்க்கவும் முடியும். ரோபோ செய்யும் பிள்ளைகளோடு பெற்றோரும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம் இது.

காற்றில் நெரிசல்

வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு ஆகிய மூன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. இதில் வைஃபைக்கு நம் நாட்டில் 13 சேனல்கள் உள்ளன. சேனலுக்குச் சேனல் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் ஒவ்வொரு ஒளிபரப்பும் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அடைத்துக்கொள்கிறது. ஆகவே பக்கத்துச் சேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன. 1, 6, 11 என மூன்று சேனல்களை மட்டுமே ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்தலாம்.

வைஃபை கருவி, பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து பிறகே பேசும். அரங்கில் நூற்றுக்கணக்கான செல்பேசிகள் இருந்தால் காத்திருப்பு நீளும். இணையப் பக்கம் அரை நொடி தாமதமாக வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் ரோபோவோ அதற்குள் அரை மீட்டர் தாண்டிச் சுவரில் முட்டியிருக்கும்.

எனவே முடிந்தவரை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துவது நல்லது. அங்கே சேனல்கள் அதிகம். ஆனால் மாணவர்கள் விரும்பி வாங்கும் இஎஸ்பி8266 போர்டும், முதல் இஎஸ்பி32 போர்டும் 2.4-ல் மட்டுமே இயங்குபவை. வாங்குமுன் இதைக் கவனிக்க வேண்டும். 2.4-ஐத் தவிர்க்க முடியாதவர்கள், 1, 6, 11 மூன்றில் எது அமைதியாக இருக்கிறது என்று செல்பேசிச் செயலி மூலம் பார்த்து, அதையே நிலையாக வைக்கலாம். சேனல் அகலம் 40 அல்ல, 20 மெகாஹெர்ட்ஸாகவே இருக்கட்டும். நெட்வொர்க்கைப் போட்டி நடத்துவோரே தரும் இடங்களில் அவர்களின் விதியே விதி.

குறைவாகப் பேசுக

கேமரா படம்தான் பாதையை அடைக்கிறது. 640×480 படத்தை 320×240 ஆக்கினால் புள்ளிகள் நான்கில் ஒன்றாகும். நொடிக்கு 30 படங்களை 15 ஆக்கினால் அதிலும் பாதி. ஆக, எட்டில் ஒரு பங்கு போதும்.

கட்டளை அனுப்பும் முறையும் முக்கியம். டிசிபி முறையில் தொலைந்த செய்தி மீண்டும் வந்து சேரும்வரை, பின்னால் வந்தவை காத்து நிற்கும். வண்டி ஓட்டுவதற்குப் பழைய கட்டளை எதற்கு? யுடிபி முறையில் நொடிக்கு 50 முறை புதிய கட்டளையை அனுப்பினால், ஒன்றிரண்டு தொலைந்தாலும் பாதகமில்லை.

குற்றம் எப்போதும் காற்றில் இல்லை

மோட்டார்கள் எல்லாம் ஒரே சமயத்தில் சுழலத் தொடங்கும்போது பேட்டரியின் மின்னழுத்தம் சட்டென்று சரியும். வைஃபை கருவி அணைந்து, மறுபடி தொடங்கும். பார்ப்பவர்களுக்கு நெட்வொர்க் போனதுபோல் தோன்றும். கருவியின் விளக்கு அணைந்து எரிந்தால் மின்சாரத்தைப் பாருங்கள். விளக்கு எரிந்துகொண்டே தொடர்பு மட்டும் அறுந்தால் காற்றைப் பாருங்கள். கருவிக்கெனத் தனி வோல்டேஜ் ரெகுலேட்டர், முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரி, இறுக்கமான இணைப்புகள் ஆகியவை அவசியம். ஆன்டெனாவை உலோகப் பெட்டிக்குள் அடைக்காமல், மோட்டாரை விட்டு விலக்கி, உயரத்தில் வையுங்கள்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 2012-ல் நடந்த 'ஃபர்ஸ்ட்' ரோபோ போட்டியின் இறுதிச் சுற்றில் பல ரோபோக்கள் நடு ஆட்டத்தில் தொடர்பிழந்து நின்றன. ஓர் ஆட்டமே இரண்டேகால் நிமிடம்தான். பின்னர் நடந்த விசாரணையில், ஒருவர் தம் செல்பேசியால் ரோபோக்களின் நெட்வொர்க்கில் நுழைய முயன்று தொடர்பைக் குலைத்தது தெரியவந்தது. ஆனால் எல்லாப் பழியும் அவர்மேல் விழவில்லை. சில ரோபோக்களில் சொந்தக் கோளாறுகளும் இருந்தன. காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

அறுந்தால் என்ன செய்யும்?

எவ்வளவு கவனித்தாலும் தொடர்பு சில நேரம் அறும். அப்போது கடைசிக் கட்டளையைப் பிடித்துக்கொண்டு ஓடும் ரோபோ ஆபத்தானது. கால் நொடி கட்டளை வராவிட்டால் மோட்டார்கள் தாமாக நிற்குமாறு ரோபோவிலேயே நிரல் எழுத வேண்டும். சக்கரங்கள் தரையில் படாமல் ரோபோவைக் கட்டைமேல் ஏற்றி வைத்து, ஓடும்போதே கட்டுப்பாட்டுக் கருவியை அணைத்துப் பாருங்கள். நிற்காத ரோபோவை மைதானத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

இன்னொன்று: மனித உடலும் இந்த அலைகளை உறிஞ்சும். வெறும் கூடத்தில் கிடைக்கும் வெற்றி, ஆட்கள் நிறைந்த அரங்கில் செல்லுபடியாகாமல் போகலாம். போட்டிக்கு முன் உறவினர், நண்பர் பத்துப் பதினைந்து பேரைச் செல்பேசியும் கையுமாக நிற்க வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்க்கட்டும். பெற்றோர் செய்யக்கூடிய எளிய உதவி இது. போட்டியன்று பார்வையாளர் வரிசையில் இருக்கும்போது, நம் செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டை அணைத்து வைப்பதும் அதே உதவிதான்.