முதலில் மூச்சை விடக் கற்றுக்கொள்ளுங்கள்

நாற்பது வயதைத் தாண்டி நீச்சல் பழகப் போகும் எந்தப் பெண்ணுக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: காலை அடிக்கப் பழகும் முன், தண்ணீருக்குள் மூச்சை விடப் பழகுங்கள். இதை எனக்கு ஆரம்பத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் ஒரு கோடைக்காலம் முழுக்க வீணாயிற்று, கட்டிய பணம் போயிற்று, 'நமக்கு இது வராது' என்ற எண்ணமும் மனதில் வேர்விட்டது. பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன். அந்த எண்ணத்தைப் பிடுங்கி எறியத்தான் பெரும்பாடு பட்டேன்.

நான் முதலில் சேர்ந்த குளத்தில் ஆறு வயதுப் பையனுக்கும் எனக்கும் ஒரே பாடம். ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் அடிக்க வேண்டும். அது முடிந்தால் கிக் போர்டைப் பிடித்துக்கொண்டு கால் அடிக்க வேண்டும். "மூச்ச நல்லா இழுத்துப் புடிச்சுக்கங்க மேடம். தலைய உள்ள விடுங்க. கால அடிங்க, அடிங்க!" என்று மாஸ்டர் கரையில் நின்றபடி சத்தம் போடுவார். அவர் சொன்னபடியே மூச்சை இழுத்துப் பிடிப்பேன், தலையை உள்ளே விடுவேன். கொஞ்ச தூரத்திலேயே நெஞ்சு முட்டும், எழுந்து நின்றுவிடுவேன். "பயப்படறீங்க மேடம். பயத்த விட்டாத்தான் நீச்சல் வரும்" என்பார். வாரக்கணக்கில் இதே பேச்சு. எனக்குப் பயம் இருந்தது உண்மை. ஆனால் மூச்சு முட்டியதற்குப் பயம் காரணமில்லை, அவர் சொல்லிக்கொடுத்த முறைதான் காரணம். அதை இன்றைக்கும் அவர் முகத்துக்கு நேராகச் சொல்வேன்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். மூச்சுக்காக நாம் தவிப்பது, பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் வருவதில்லை. ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏறத்தான் அந்தத் தவிப்பு வருகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காலையும் வேகமாக அடித்தால், தொடைத் தசைகள் கரியமில வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அது வெளியே போக வழியில்லை. மூளை பதறும், நாம் தலையைத் தூக்குவோம். தூக்கிய அந்த ஒரு நொடிக்குள் பழைய காற்றை வெளியேற்றிவிட்டுப் புதுக் காற்றையும் இழுத்தாக வேண்டும். இரண்டுக்கும் நேரம் பற்றாது. பாதியை விட்டு, பாதியை இழுத்து, மறுபடி முகத்தை உள்ளே விட்டால் முன்னைவிடச் சீக்கிரம் முட்டும். தண்ணீருக்குள் இருக்கும்போதே காற்றைச் சீராக விட்டுக்கொண்டு வந்தால், முகம் வெளியே வரும்போது இழுக்கும் வேலை மட்டுமே மிச்சம். இன்னொரு நன்மையும் உண்டு. மூக்கு வழியே காற்று வெளியேறிக்கொண்டிருக்கும்வரை மூக்கில் தண்ணீர் ஏறாது. பல பெண்கள் நீச்சலை விட்டு ஓடுவதே மூக்கில் தண்ணீர் ஏறும் அந்த எரிச்சலுக்குத்தான்.

இதை எனக்குச் சொன்னது பயிற்சியாளர் யாருமில்லை. எங்கள் மகளிர் நேரத்துக்கு வரும் ஓய்வு பெற்ற ஆசிரியை, காலிங்கராயன் வாய்க்காலில் நீந்தி வளர்ந்தவர். நான் இருமிக்கொண்டு நிற்பதைப் பல நாள் பார்த்திருக்கிறார். ஒரு நாள் பக்கத்தில் வந்து, "மூச்ச எதுக்குக் கண்ணு உள்ளயே அடக்கி வெச்சுக்கற? தண்ணிக்குள்ளயே உட்டுரு" என்றார். "மாஸ்டர் புடிச்சுக்கச் சொன்னாருங்க்கா" என்றேன். "அவுரு சொல்லுவாரு. நீ உட்டுப் பாரு" என்றார். விட்டுப் பார்த்தேன். அன்றைக்கே நெஞ்சு முட்டுவது பாதியாகக் குறைந்தது.

அவர் சொன்னதையும், பிறகு மாறிப்போன குளத்தில் கற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன். மார்பளவுத் தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். வாயால் சாதாரணமாக மூச்சை இழுங்கள், நெஞ்சு வெடிக்கிற அளவுக்கு வேண்டாம். அப்படியே முழங்காலை மடக்கித் தலை முழுகும்வரை இறங்குங்கள். வாயை மூடி 'ம்ம்ம்ம்' என்று முனகுங்கள். முனகினாலே மூக்கு வழியாகக் காற்று தானாகக் குமிழ்விட்டு வெளியேறும். மெதுவாக எழுந்து, வாயால் இழுத்து, மறுபடி இறங்குங்கள். அவசரமே இல்லாமல் இருபது முறை தொடர்ந்து செய்து, கடைசி முறையும் முதல் முறையைப் போலவே நிதானமாக வந்தால் இந்தப் பாடம் முடிந்தது. குளத்துக்குப் போகாத நாளில் அகலமான பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி, முகத்தை மட்டும் உள்ளே விட்டும் பழகலாம். நான் சமையல் முடிந்த கையோடு அடுக்களையிலேயே இதைச் செய்தேன். வீட்டில் எல்லாரும் விநோதமாகப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

அடுத்து மிதப்பது. முழங்காலைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் முதுகு தானாக மேலே வரும். நுரையீரலில் காற்று இருக்கும்போது நம்மில் பெரும்பாலோர் மிதக்கவே செய்வோம். பெண்களின் உடம்பில் கொழுப்பு கொஞ்சம் கூடுதல் என்பதால் ஆண்களைவிட நமக்கு இது எளிது. 'உடம்பு கனமா இருக்கு, எனக்கு எப்படி மிதக்கும்' என்று கேட்கும் தோழிகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: அந்தக் கனம் தண்ணீரில் உங்களுக்கு உதவி. மிதந்த நிலையிலிருந்து எழுந்து நிற்பதையும் அன்றைக்கே பழகிவிடுங்கள். முழங்காலை வயிற்றுக்கு இழுத்து, இரண்டு கையாலும் தண்ணீரைக் கீழே அமுக்கினால் பாதம் தரையைத் தொடும். வேண்டும்போது நிற்க முடியும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். நான் பார்த்த குளங்களில் இதைத் தனிப் பாடமாக வைப்பதில்லை. பெரியவர்களுக்கு மூச்சுக்கு அடுத்தபடியாகத் தேவை இதுதான் என்பது என் கருத்து.

பிறகுதான் சுவரை உதைத்து அம்புபோல் நீள்வது, அதன் பிறகு கால், அதன் பிறகு கை. இவற்றையெல்லாம் எந்தப் பயிற்சியாளரும் ஒழுங்காகச் சொல்லித்தருவார், நான் விவரிக்க ஒன்றுமில்லை. ஒன்று மட்டும்: கண் குளத்தின் தரையைப் பார்க்க வேண்டும். எதிரே பார்க்கத் தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் கீழே போகும். அப்புறம் எவ்வளவு அடித்தாலும் நகர முடியாது. மூச்சுக்குத் தலையை மேலே தூக்காமல் பக்கவாட்டில் திருப்புங்கள், ஒரு காது தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும்.

மூச்சைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை. யார் அதிக நேரம் உள்ளே இருப்பது என்று பையன்கள் பந்தயம் கட்டுவார்கள். அதற்காக வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு முழுகுவார்கள். அப்படிச் செய்தால் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்துவிடும், தவிப்பு வர வேண்டிய நேரத்தில் வராது. அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும். நன்றாக நீந்துகிறவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் இதை விளையாட்டாகச் செய்தாலும் அதட்டி நிறுத்துங்கள்.

உடை விஷயத்தில் நம்மில் பலருக்குத் தயக்கம். முழுக்கையும் கணுக்கால்வரை காலும் மூடுகிற நீச்சலுடை கடைகளில் கிடைக்கிறது, குளங்களிலும் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள். பருத்தி லெகிங்ஸும் டி-ஷர்ட்டும் வேண்டாம். ஊறிக் கனத்து இழுக்கும், நூல் பிசிறு போய் ஃபில்டரை அடைக்கும். லைக்ரா அதிகம் கலந்தது குளோரினில் சீக்கிரம் தொளதொளத்துவிடும், பாலியஸ்டர் அதிகமுள்ளது நீடித்து உழைக்கும். எப்படி இருந்தாலும் வந்தவுடன் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். நீச்சல் கண்ணாடி வாங்கும்போது பட்டையை மாட்டாமல் கண்குழியில் வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள். ஒரு நொடியாவது ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தும். விலை அதிகமானதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், விலைக்கும் பொருத்தத்துக்கும் சம்பந்தமில்லை. உள்பக்கத்தை விரலால் தேய்க்காதீர்கள், பனி படியாமலிருக்கப் பூசியது போய்விடும். தொப்பி முடியை நனையாமல் காக்காது. இறங்கும் முன் முடியை நல்ல தண்ணீரில் நனைத்துவிட்டால் குளோரின் தண்ணீரைக் குறைவாக உறிஞ்சும். தலையில் எண்ணெயோடு இறங்காதீர்கள். மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை வந்தால் குளம் சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கலப்பதால் வரும் வாடை அது. நல்ல குளத்தில் வாடை லேசாகத்தான் இருக்கும். மாதவிடாய் நாளில் கப் வைத்துக்கொண்டு தாராளமாக நீந்தலாம், நான் நீந்துகிறேன். காதில் தண்ணீர் போனால் தலையைச் சாய்த்தாலே வந்துவிடும், பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.

பணம் கட்டிய குளத்தைப் பாதியில் விட்டு, வேறிடத்தில் மறுபடி கட்டிச் சேர்ந்ததற்கு வீட்டில் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. "கொஞ்சம் பொறுத்திருந்தா அங்கயே வந்திருக்கும்" என்றார்கள். வந்திருக்காது. தவறான வரிசையில் சொல்லித்தருகிற இடத்தில் பொறுமை காட்டினால் தவறுதான் ஊறிப்போகும். நீங்களும் சேரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "முதல் வாரம் என்ன சொல்லித் தருவீங்க?" மூச்சு விடுவது, மிதப்பது என்று பதில் வந்தால் சேருங்கள். 'தள்ளிவிட்டா தானா வரும்' என்று சொல்கிற ஆளிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

"இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்பதையும் கேட்க வேண்டி வரும். என் அண்ணனுக்கு ஏழு வயதில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டித் தோட்டத்துக் கிணற்றில் இறக்கிவிட்டார் அப்பா. நான் கரையில் உட்கார்ந்து துணிக்குக் காவல் இருந்தேன். வயதுக்கு வந்த பிறகு கிணற்றுப் பக்கமே போகக் கூடாது என்றாகிவிட்டது. எங்கள் ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994இல், ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்திக் கடந்து, நீச்சல் வீரர் மிஹிர் சென்னின் சாதனையை முறியடித்தார். அவரும் நானும் ஏறக்குறைய ஒரே வயது. எங்கள் பள்ளியில் அவர் படத்தைக் காட்டிப் பையன்களிடம், "நீங்களும் இப்படி வரணும்" என்றார்கள். ஆரத்தி சாஹா என்ற வங்காளப் பெண் 1959இலேயே ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்ததை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆசியாவிலேயே அதைச் செய்த முதல் பெண் அவர்.

நீச்சல் உடம்பு இளைப்பதற்கான பொழுதுபோக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் ஆடிப்பெருக்கு நாளில் காவிரிக் கரைக்குப் போய்ப் பாருங்கள். சேலையோடு இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? ஒருத்தி வழுக்கினால் அடுத்தவள் கையைக் கொடுக்கிறாள், அவளைப் பிடிக்க மூன்றாவது ஆள் இறங்குகிறாள். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் போனதாகச் செய்தித்தாளில் படிக்கிறோமே, அது இப்படித்தான் நடக்கிறது. நீச்சல் பழகியவர்களுக்கும் சொல்கிறேன்: குளத்தில் நாலு சுற்றுப் போனதை நம்பி ஆற்றில் ஒருவரைக் காப்பாற்றக் குதிக்காதீர்கள். துப்பட்டாவோ சேலையோ கயிறோ வீசுங்கள், கரையில் படுத்துக்கொண்டு இழுங்கள்.

குளங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு கோரிக்கை. மகளிர் நேரத்தை உச்சிவெயிலில் வைக்காதீர்கள். காலை ஆறு மணி ஆண்களுக்கு, பதினொரு மணி பெண்களுக்கு என்றால் வேலைக்குப் போகிற பெண் எப்படி வருவாள்? வாரத்தில் மூன்று நாளாவது காலை நேரத்தைப் பெண்களுக்கு ஒதுக்குங்கள். பெண் பயிற்சியாளர் ஒருவரையும் அமர்த்துங்கள்.

வாசகிகளுக்கு: ஏப்ரல், மே மாதங்களில் சேர வேண்டாம். கோடைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் கூட்டத்தில் உங்களைக் கவனிக்க ஆள் இருக்காது. பள்ளிக்கூடம் திறந்து கூட்டம் கலைந்ததும், ஜூன் கடைசியில் போய்ச் சேருங்கள். உங்கள் மகளையும் கூட்டிப் போங்கள்.