கடைமடை அறைக்கு வைஃபை பாய்ச்சுவது எப்படி?

துவாக்குடியில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் ஒரே அச்சு. பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் மனை வாங்கிக் கட்டியவை. முன்னால் ஹால், நடுவில் சமையலறை, பின்னால் இரண்டு படுக்கையறை; கையில் காசு சேர்ந்தபோது எழுப்பிய மாடி. சுவரெல்லாம் ஒன்பது இஞ்ச் செங்கல், தளம் கம்பி கட்டிய கான்கிரீட். நெட் கனெக்‌ஷன் கொடுக்க வரும் பையன் வாசல் ஜன்னல் வழியாக ஃபைபரை உள்ளே விட்டு, டிவிக்குப் பின்னால் மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விடுவான். ஹாலில் படம் பறக்கும். பின்னறையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பேட்டவாய்த்தலையில் பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால், திருச்சி நகரத்துக்குள் புகுந்து வந்து, நம் பக்கத்து வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. கடைமடைக்காரன் கஷ்டத்தை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். வைஃபையிலும் பின்னறைதான் கடைமடை.

நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு எக்ஸ்டென்டர் வாங்கிவந்து, எங்கே நெட் வரவில்லையோ அந்தப் பின்னறையிலேயே செருகினேன். போனில் கோடு முழுசாக ஏறியது. யூடியூப் மட்டும் அசையவில்லை. போன் காட்டும் கோடு, போனுக்கும் எக்ஸ்டென்டருக்கும் நடுவே உள்ள சங்கதி. எக்ஸ்டென்டருக்கே மோடத்திலிருந்து ஒன்றும் வந்து சேராதபோது அது எதைக் கொடுக்கும்? வறண்ட மடையில் மோட்டார் வைத்து இறைத்த கதைதான். தண்ணீர் ஓடுகிற இடத்தில்தான் மோட்டாரை வைக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கடைக்குப் போகும் முன் இரண்டு வேலை. லேப்டாப்பை ஒரு லேன் கேபிள் போட்டு மோடத்திலேயே நேராகச் செருகி வேகம் பாருங்கள். அங்கேயே மந்தம் என்றால் கோளாறு லைனில். எத்தனை பெட்டி வாங்கினாலும் தீராது. அங்கே சரியாக இருந்தால், மோடத்தை இடம் மாற்ற முடியுமா என்று யோசியுங்கள். டிவிக்குப் பின்னாலும், மூடிய ஷோகேஸுக்குள்ளும், கண்ணாடி பதித்த இரும்பு பீரோ பக்கத்திலும், ஃப்ரிட்ஜை ஒட்டியும் அதை வைக்கக் கூடாது. தலை உயரத்துக்கு மேல், வீட்டின் நடுப்பகுதியை நோக்கி நகர்த்துங்கள். ஃபைபரை நீட்டிக்கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். நீங்களாக இழுத்து மடிக்காதீர்கள், உள்ளே இருப்பது கண்ணாடி இழை. பல வீடுகளில் இதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

முடியவில்லையென்றால் அளக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை ஏற்றிக்கொள்ளுங்கள். அது சிக்னலை மைனஸ் எண்ணில் காட்டும். மைனஸ் 50 என்றால் அருமை. 65 வரை வீடியோ கால் தாராளமாகப் போகும். 70 தாண்டினால் திக்கும், 80-ல் பேருக்குத்தான் கனெக்‌ஷன். மூன்று எண் இறங்கினாலே சிக்னலின் பலம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். கதவுகளை வழக்கம்போல் சாத்திவைத்து, அறை அறையாக நடந்து, ஒரு காகிதத்தில் வீட்டுப் படம் வரைந்து எண்களைக் குறியுங்கள். எங்கள் வீட்டில் ஹால் 42, சாப்பாட்டு மேஜை 59, பின்னறை 82. ஒரே சமையலறைச் சுவர் தின்றது அத்தனையும்.

அளக்கும்போது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் தனித்தனியே பாருங்கள். 2.4 சுவரைத் தாண்டும். ஆனால் வேகம் குறைவு, கூட்டமும் அதிகம். கல்லூரிப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கும் மாடிகள் சூழ்ந்த தெருவில் செயலியைத் திறந்தால் இருபது பெயர் வரிசை கட்டும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். காலியாக இருப்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தான் இரைகிறது. 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும்.

இனி எதை வாங்குவது? என் தீர்ப்பு: கேபிள் இழுக்க வழி இருந்தால் கேபிள்தான். கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். வாங்கும்போது முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று கேட்டு வாங்குங்கள். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்காதீர்கள். கேட்டில் ஒரு கேமரா, பின்னறையில் ஒரே ஒரு போன் என்றால் எக்ஸ்டென்டர் போதும். ஆனால் மலிவான எக்ஸ்டென்டர் ஒரே ரேடியோவை வைத்துக்கொண்டு கேட்கவும் பேசவும் செய்கிறது. ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை போகவேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். வீடு முழுக்க, மாடிக்கும் சேர்த்து வேண்டுமென்றால் மெஷ். பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், வீட்டுக்கே ஒரே பெயர். நம் மாதிரி வீட்டுக்கு இரண்டு பெட்டி போதும். மூன்று வாங்கினால் அவையே ஒன்றையொன்று இடைஞ்சல் செய்யும். வெவ்வேறு கம்பெனிப் பெட்டிகளைச் சேர்த்து இயக்க 2018-ல் ஈஸிமெஷ் என்ற பொது ஏற்பாடு வந்ததென்றாலும், ஒரே கம்பெனி செட்டாக வாங்குவதே நிம்மதி.

பெட்டிகள் வந்ததும் இரண்டையும் மோடம் பக்கத்திலேயே வைத்து, அதன் செயலியில் ஜோடி சேருங்கள். முதல் பெட்டியை லேன் கேபிளால் மோடத்தோடு இணையுங்கள். அதை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் மோடமும் இதுவும் ஆளுக்கு ஒரு ஐபி விலாசம் கொடுத்துக்கொண்டு, கேமராவும் பிரின்டரும் கண்ணில் படாமல் போகும். பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே புதியதற்கும் கொடுங்கள். டிவி முதல் கேமரா வரை எதையும் மறுபடி இணைக்க வேண்டாம். பிறகு மோடத்தின் சொந்த வைஃபையை மறக்காமல் அணையுங்கள். இதை விட்டுவிட்டு வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து இரண்டாம் பெட்டிக்கு இடம். நீங்கள் வரைந்த படத்தில் எண் 60-ஐ ஒட்டி எங்கே நிற்கிறதோ அங்கே. எனக்கு அது சாப்பாட்டு மேஜைக்கு மேலே உள்ள ஸ்லாப். அங்கிருந்து சமையலறைச் சுவரைத் தொடாமல் வராந்தா வழியாக அலை பின்னறைக் கதவுக்குப் போகிறது. 82 இப்போது 61. மாடிக்கு வேண்டுமென்றால் கான்கிரீட் தளத்தைத் துளைத்து அனுப்பப் பார்க்காதீர்கள். படிக்கட்டுத் துவாரம்தான் அலை ஏறும் வழி. படி திரும்புகிற இடத்தில் ஒரு பிளக் பாயின்ட் வைக்கச் சொல்லுங்கள்.

ஸ்ரீரங்கம் உத்திர வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் கணக்கு வேறு. திண்ணை, ரேழி, கூடம், இரண்டாங்கட்டு, கிணற்றடி என்று வீடு ரயில்போல நீளும். சுவர் நம்முடையதைவிடத் தடி. ஆனால் வாசற்படிகள் நேர்கோட்டில் இருக்கும். நண்பன் வீட்டில் கூடத்து நிலைக்கு மேலே ஒரு பெட்டியை வைத்ததும் கிணற்றடி வரை வந்துவிட்டது. மாமிக்குத்தான் உறுத்தல். “ராத்திரியெல்லாம் பச்சை லைட் மினுக்கிண்டே இருக்கேடா, மேல ஒரு துணியப் போட்டுடட்டுமா?” வேண்டாம் மாமி, சூடாகும் என்று சொல்லிச் செயலியிலேயே விளக்கை அணைத்துக் கொடுத்தேன்.

சிட்கோ தொழிற்பேட்டை ஷெட்காரர்கள் சிலரும் கேட்கிறார்கள். தகரக் கூரையும் தகரச் சுவரும் அலையை உள்ளே விடாது. ஆபீசிலிருந்து ஷெட்டுக்குள் கேபிள்தான் கொண்டுபோக வேண்டும். இரண்டு கட்டடத்துக்கு நடுவே வெட்டவெளியில் செம்புக் கேபிள் போட்டால் இடி மின்னலில் இரண்டு பக்கமும் போகும். அங்கே ஃபைபர் போடுங்கள்.

கடைசியாக, வாட்ஸ்அப் கால் ஒன்றைப் போட்டுக்கொண்டு கேட்டிலிருந்து மாடி வரை நடந்து பாருங்கள். எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்று முடிவெடுப்பது போன்தான். சில போன்கள் பழைய பெட்டியை விடாமல் தொங்கும். அப்போது பெட்டிகளைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள், அல்லது ஒலிபரப்பு பலத்தை ஒரு படி குறையுங்கள். மின்வாரியம் பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்டை நிறுத்தும் நாளில் மோடத்துக்கு மட்டும் யுபிஎஸ் இருந்து பயனில்லை. இரண்டாம் பெட்டியும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். செயலியின் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். பெங்களூரிலிருந்து பையன் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்காது.