கறிக்கோழிக் குஞ்சுக்கு எந்தத் தீவனம்: 23-ஆ, 20-ஆ, 16-ஆ?

வத்திராயிருப்புப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஐம்பதோ நூறோ குஞ்சு வாங்கி விட்டுக் கறிக்கு விற்கலாம் என்று இறங்குகிறவருக்கு முதல் குழப்பம் தீவனக் கடையில்தான் வரும். பிராய்லர் பிரீ ஸ்டார்ட்டர், ஸ்டார்ட்டர், ஃபினிஷர், சிக் மாஷ், குரோவர் என்று வரிசையாக மூட்டைகள். புரத அளவு கூடக்கூட விலையும் கூடும். விலை கூடியதே நல்லது என்று வாங்குகிறவரும் உண்டு. எல்லாம் தீவனம்தானே என்று மலிவானதைத் தூக்கி வருகிறவரும் உண்டு. இரண்டு பேருக்கும் நட்டம்தான்.

கோழித் தீவனத்துக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 1374, 2007) பிராய்லருக்கு முதல் வாரம் 23 சதவீதப் புரதம், அடுத்த இரண்டு வாரம் 22, அதன்பின் 20 என்கிறது. முட்டைக்கோழிக் குஞ்சுக்கு 20, வளரும் பருவத்துக்கு 16. ஆகவே மூட்டையைப் பார்க்கும் முன், நம் கூண்டில் இருப்பது எந்தக் கோழி என்று பார்க்க வேண்டும்.

வெள்ளை பிராய்லர் என்றால் யோசிக்க இடமே இல்லை. பொரித்த அன்று 40 கிராம் இருக்கும் குஞ்சு, ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ எட்ட வேண்டிய இனம் அது. அதற்கு 18 சதவீதத் தீவனம் போட்டால், குறைகிற புரதத்தை ஈடுகட்டக் கூடுதலாகத் தின்னும். மிஞ்சும் மாவுச்சத்து வயிற்றுக் கொழுப்பாகச் சேரும். இறகு சரியாக முளைக்காது, ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். கம்பெனிக் குஞ்சை ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்களுக்குத் தீவனத்தையும் கம்பெனியே கொடுத்துவிடும். சொந்தமாக பிராய்லர் வளர்ப்பவர் 23, 22, 20 என்ற வரிசையை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். இதை வீட்டில் அரைக்கப் பார்க்க வேண்டாம். அவ்வளவு புரதத்தோடு அதற்கு வேண்டிய எரிசக்தியையும் வெறும் மாவில் கொண்டுவருவது கடினம்.

சிறுவிடை, பெருவிடை, அசீல் கலப்பு, நந்தனம் போன்ற ரகங்களின் கணக்கே வேறு. கிலோ எடை வர மூன்று மாதம், சிலவற்றுக்கு நான்கு மாதம்கூட ஆகும். வளர்ச்சி மெதுவாக இருக்கும் உடம்பில் 23 சதவீதத்தைத் திணித்தால் தசை கூடாது. உபரிப் புரதம் யூரிக் அமிலமாகி எச்சத்தில்தான் போகும். இவற்றுக்கு நான் சொல்வது: முதல் ஆறு வாரம் 20, பிறகு 16. இடையில் ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரம் இரண்டையும் கலந்து கொடுக்க வேண்டும்.

அந்த முதல் ஆறு வாரத்தில் மட்டும் கையைச் சுருக்காதீர்கள். ஒரு நாட்டுக்கோழி விற்கும் வரை தின்னும் மொத்தத் தீவனத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் அந்தக் காலத்தில் செலவாகும். எலும்பும் இறகும் நோய் எதிர்ப்பும் அமைவதோ அப்போதுதான். குஞ்சுக்குக் குருணையும் கம்பும் மட்டும் இறைத்துவிட்டு, நான்காம் மாதத்தில் எடை வரவில்லையே என்று விலைத் தீவனம் வாங்கிப் போட்டால் போனது திரும்பாது. மிச்சம் பிடிக்க வேண்டியது ஆறு வாரத்துக்குப் பின். அப்போது தோப்பில் மேய விட்டால் கரையானும் புழுவும் கீரையுமாகப் புரதத்தில் ஒரு பகுதி நிலத்திலிருந்தே வந்துவிடும். நீங்கள் போட வேண்டியது அதிகமும் தானியம்தான்.

வீட்டில் கலப்பதானால் விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு வசதி உண்டு: கரிசலில் மக்காச்சோளம் விளைகிறது. புரதம் மக்காச்சோளத்தில் 9, அரிசித் தவிட்டில் 12, சோயாப் புண்ணாக்கில் 45, நல்ல கருவாட்டுத் தூளில் 45 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மக்காச்சோளம் 56 கிலோ, தவிடு 10, சோயா 26, கருவாடு 5, தாது உப்புக் கலவை 3 என்று கலந்தால் நூறு கிலோவில் 20 கிலோவை ஒட்டிப் புரதம் வரும். வளர்ந்த பிறகு மக்காச்சோளம் 64, தவிடு 13, சோயா 20, தாதுக் கலவை 3. இது 16 சதவீதம். இரண்டாவதில் கருவாடு இல்லாததால் அந்த 3 கிலோவுக்குள் கால் கிலோ சாப்பாட்டு உப்பும் சேர வேண்டும். முதலாவதில் உப்பிடாமல் காய்ந்த கருவாடுதான் போட வேண்டும். உப்புக் கருவாடு குஞ்சைக் கொல்லும்.

நம் ஊரில் தேங்காய்ப் புண்ணாக்கு எளிதாகக் கிடைக்கிறதே, அதில் 20 சதவீதப் புரதம் இருக்கிறதே என்று தோன்றும். எண் சரி, ஆனால் அதில் நார் அதிகம், லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. குஞ்சுக்கு அது ஆகாது. வளர்ந்த கோழிக்குக் கொஞ்சம் சேர்க்கலாம். கடலைப் புண்ணாக்கில் புரதம் சோயா அளவுக்கு நெருங்கி வந்தாலும் லைசினும், மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் குறைவு. அதைவிடப் பெரிய ஆபத்து பூஞ்சை நஞ்சு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கிடந்த புண்ணாக்கையோ மக்காச்சோளத்தையோ குஞ்சுக்குக் கொடுக்கவே கூடாது. சோயாவில் குறைவது மெத்தியோனின். எள்ளுப் புண்ணாக்கில் அது நிறைய உண்டு. சோயாவில் இரண்டு மூன்று கிலோவை எடுத்துவிட்டு எள்ளுப் புண்ணாக்கு வைப்பது நல்ல சேர்க்கை. அசோலா என்ற நீர்த்தாவரத்தை நம்பிப் புரதத்தைக் குறைப்பவர்கள், அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் இன்னொரு கவனம். புரதம் செரிக்கும்போது உடம்பில் சூடு அதிகம் பிறக்கும். வெப்பத்தில் கோழி குறைவாகத் தின்கிறது என்று புரதத்தை ஏற்றினால் மூச்சு வாங்கும், ஆழ்கூளம் ஈரமாகி அம்மோனியா நெடி கண்ணை எரிக்கும். அளவைக் கூட்டாமல், லைசின், மெத்தியோனின் சேர்த்த தீவனமாகப் பார்த்து, விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் போடுங்கள்.

முட்டைக்கோழித் தீவன மூட்டையிலும் 16, 18 என்று புரதம் போட்டிருக்கும். அதில் சுண்ணாம்புச் சத்து 3 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். வாங்கிப் போட்டால் சிறுநீரகம் கெட்டுச் சாகும்.

மூட்டையில் அச்சிட்ட எண், தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கி வருவது. யூரியா கலந்த மீன்தூளிலும் அந்த எண் உயர்ந்தே நிற்கும். எனவே சொந்தமாகக் கலப்பவர்கள், புதுச் சரக்கு மாறும்போதெல்லாம் ஒரு மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்பிப் புரதத்தையும் பூஞ்சை நஞ்சையும் பார்த்துக்கொள்ளுங்கள். குஞ்சு வாங்கிய பிறகு அனுப்பாமல், வாங்கும் முன்பே அனுப்புங்கள்.