வட்டுகளைப் பிரிப்பதும் சேர்ப்பதும்

அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி இருப்பதாகக் கொள்வோம். வெட்டு அளவுகள், ஆர்டர் கணக்குகள் யாவும் அங்குள்ள லினக்ஸ் கணிப்பொறியின் மூன்று வட்டுகளில் பதிவாகியுள்ளன. கணிப்பொறி பழுதாகும் நிலையில் உள்ளது. வட்டுகளைக் கழற்றி வேறொன்றில் பொருத்த வேண்டும். சரக்கு அனுப்ப ஒரு வாரமே உள்ளது. கேபிள்களை அப்படியே உருவிவிடலாமா? கூடாது. காரணத்தைக் காண்போம்.

பல வட்டுகளை ஒன்றாக இயக்கும் இம்முறைக்கு 'ரெய்டு' என்று பெயர். பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வுரையால் இது புகழ்பெற்றது. ரெய்டு-5 வகையின் ஒரு சிறு பகுதியைப் பாருங்கள்:

முதல் வட்டு: 1 0 1 1
இரண்டாம் வட்டு: 0 0 1 0
மூன்றாம் வட்டு: 1 0 0 1

ஒவ்வொரு நிரலிலும் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வருமாறு மூன்றாம் வட்டின் இலக்கம் அமைகிறது. ஆகவே ஒரு வட்டு கெட்டாலும், மற்ற இரண்டைக் கொண்டு அதனை மீட்கலாம். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே கேபிளை உருவினால், ஒரு வட்டு மாறியிருக்கும். சரிபார்ப்பு இலக்கம் மாறியிராது. கணக்குப் பிசகிவிடும்!

எனவே வரிசையாகச் செய்யவேண்டும். முதலில் முக்கியக் கோப்புகளுக்குத் தனிப்படி எடுங்கள். ரெய்டு அதற்கு ஈடாகாது. அடுத்து, 'அன்மவுண்ட்' செய்யுங்கள். நினைவகத்தில் தங்கிய தகவல்கள் அப்போது வட்டுக்குச் சென்றுவிடும். பிறகு 'எம்டிஆட்ம்' என்னும் கருவியின் 'ஸ்டாப்' ஆணையை இடுங்கள். தொகுதி பயன்பாட்டில் இருந்தால் லினக்ஸ் நிறுத்த மறுக்கும், அது நன்மைக்கே. நின்றபின் மின்சாரத்தை அணைத்து, வட்டுகளில் எண் ஒட்டிக் கழற்றுங்கள்.

புதிய கணிப்பொறியில் இணைப்பு வரிசை மாறினால் என்னவாகும்? அஞ்ச வேண்டாம். ஒவ்வொரு வட்டிலும் 'சூப்பர் பிளாக்' என்னும் குறிப்பு உண்டு. தொகுதியின் 128 பிட் அடையாள எண், அவ்வட்டின் இடம், நிகழ்வு எண்ணிக்கை ஆகியன அதில் உள்ளன. 'அசெம்பிள்' ஆணை இவற்றைப் படித்துத் தானே வரிசைப்படுத்தும். நிகழ்வு எண்ணிக்கையில் மிகவும் பின்தங்கிய வட்டு பழைய தகவலுடையது, அதனை ஒதுக்கிவைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தொகுதி சேரவில்லையெனப் பதறி, 'கிரியேட்' ஆணையை இட்டுவிடாதீர்கள். அசெம்பிள், உள்ள குறிப்பைப் படிப்பது. கிரியேட், அதன்மேல் புதுக் குறிப்பை எழுதுவது. வரிசை தவறினால் அத்தனை கணக்கும் குலைந்துபோகும். தொகுதி சேர்ந்ததும் முதலில் படிப்பதற்கு மட்டும் திறந்து, கோப்புகளைச் சரிபாருங்கள். பின்னரே எழுத அனுமதியுங்கள்.

ஒரு கணக்கு: முதல் வட்டில் 1 1 0 1, மூன்றாம் வட்டில் 0 1 1 0. கெட்டுப்போன இரண்டாம் வட்டில் இருந்தது என்ன? நீங்களே மீட்டுப் பாருங்கள்.